மஞ்சள் கருவில் கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலி: பிரித்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கோழி முட்டையின் மஞ்சள் கருவில் சயலைல் கிளைக்கோபெப்டைடு என்னும் சேர்மம் இருப்பதை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடின் மேல் பதினொரு சர்க்கரைகள் இரு கிளைகளாகப் பிரிந்து நிற்க, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சயலிக் அமிலம் என்னும் சர்க்கரை ஒன்று அமைந்திருக்கும். மனித ஆன்டிபாடிகளின் சர்க்கரைப் பகுதியும் இதே அமைப்பைச் சேர்ந்தது என்பதால், மருந்து ஆய்வில் இதற்குத் தேவை அதிகம். சென்னையின் ஆய்வகங்களிலும் இதைப் பிரிக்க முனைவோர் உள்ளனர். கடையில் வாங்கிய நாமக்கல் முட்டையே மூலப்பொருளாக இருப்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு கருவில் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் கிடைக்கும். மற்றவை நீரும் கொழுப்பும் புரதமும். கொழுப்பை நீக்க ஈதர் பயன்படுத்தும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, கத்திரி வெயிலில் மின்சாரம் நின்று, ஆவியை வெளியேற்றும் புகைபோக்கியும் நின்றுவிட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குளிர்ந்த எத்தனாலால் கழுவிவிட்டு, எஞ்சிய திடப்பொருளை 40 சதவீத அசிட்டோன் கலந்த நீரில் கரைத்தெடுப்பது மேல். அசிட்டோனும் தீப்பற்றும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பிறகு கரைசலைக் கரித்தூள் நிரப்பிய நெடுங்குழாயில் (பத்தி) செலுத்தி, உப்புகளை நீரால் வெளியேற்றி, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானின் அளவைப் படிப்படியாகக் கூட்டினால் சேர்மம் இறங்கி வரும்.

இறங்கி வருவதைப் பலர் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் தேடுகிறார்கள். இந்தப் பெப்டைடில் அந்த ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோபனும் இல்லை, டைரோசினும் இல்லை. ஆகவே அங்கே எதுவும் தெரியாது. 214 நானோமீட்டரில் பார்க்க வேண்டும், அல்லது கரைசலைப் பகுதி பகுதியாகப் பிடித்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியை மெல்லடுக்குத் தகட்டில் இட்டு, சர்க்கரையை நிறத்தால் காட்டும் ஆர்சினாலைத் தெளித்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். தேவையற்றது என்று கொட்டப்பட்ட குழாய்களில்தான் சரக்கு இருந்தது என்று பின்னர் தெரிவது இத்துறையில் புதிதல்ல.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. சயலிக் அமிலப் பிணைப்பு அமிலத்துக்கும் வெப்பத்துக்கும் எளிதில் அறுபடும். பத்தியிலிருந்து சேர்மத்தை இறக்கும் கரைப்பானில் ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் சேர்த்திருந்தால், கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பான் குறையக் குறைய அமிலத்தின் செறிவு ஏறும். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரிக்கு வைத்து அவசரப்பட்டால் நுனிச் சர்க்கரைகள் உதிரும். ஆகவே முதலில் அம்மோனியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கி, குறைந்த வெப்பத்தில் செறிவாக்கி, உறைய வைத்து உலர்த்த வேண்டும்.

மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 2,865 டால்டனுக்கு அருகில் உச்சம் இருக்க வேண்டும். அதிலிருந்து 291 குறைந்த உச்சம் ஒரு சயலிக் அமிலம் போனதைக் காட்டும். ஆனால் லேசர் ஒளியால் மூலக்கூறுகளை அயனியாக்கி எடையிடும் மால்டி கருவி தானும் அந்தச் சயலிக் அமிலத்தைப் பிய்த்துவிடக்கூடியது என்பதால், கரைசலைத் தெளித்து அயனியாக்கும் எலெக்ட்ரோஸ்ப்ரே முறையிலும் சரிபார்த்த பின்னரே சரக்கைக் குறை சொல்ல வேண்டும். உலர்ந்த தூள் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை விரைவாக இழுக்கும். சிறு சிறு குப்பிகளில் பிரித்து மூடி, உறைநிலையில் வைத்து, எடுக்கும்போது குப்பி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.