சிஏ 19-9 ரிப்போர்ட்டும் ரெண்டு ஊர் லேபும்

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து நோயாளியின் ஃபைலைத் திறந்தால் ஒரு ரிப்போர்ட் பாலக்காட்டில் எடுத்தது, அடுத்தது கோவையில் எடுத்தது என்று கலந்துதான் கிடக்கும். ரத்தச் சர்க்கரைக்கு அதனால் பெரிய மோசமில்லை. கணையம், பித்தக்குழாய்ப் புற்றுநோயைப் பின்தொடர எடுக்கும் சிஏ 19-9 என்ற ரத்தச் சோதனைக்கு உண்டு.

இந்தச் சோதனை அளப்பது ஒரு சர்க்கரைத் துணுக்கை. எல்லாச் செல்லின் மேல்சவ்விலும் புரதத்திலும் கொழுப்பிலும் கோத்த சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம் போல நிற்கும். கணையம், பித்தக்குழாய்ப் புற்றுச்செல்களில் சியாலில் லூயிஸ் ஏ என்ற நுனி மிதமிஞ்சிப் பெருகுகிறது. கேலக்டோஸ், அசிட்டைல் குளுக்கோசமின், பக்கவாட்டில் ஃபியூக்கோஸ், முனையில் சியாலிக் அமிலம். இந்த நாலும் சேர்ந்ததுதான் சிஏ 19-9. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் இ-செலக்டின் என்ற புரதம் இதைப் பற்றிக்கொள்ளும். நோய் பரவ அதுவும் ஒரு வழி. செல் தானே நொதி வைத்துக் கட்டுவது இது என்பதால், காப்பியில் சர்க்கரையை நிறுத்தினால் இந்த எண் இறங்காது.

மில்லிக்கு 37 யூனிட் வரை இயல்பு என்பார்கள். நல்ல பித்தக்குழாயும் இதைக் கொஞ்சம் சுரந்து பித்தத்தோடு அனுப்பிவிடும். கல் அடைத்தால் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். புற்றுநோயே இல்லாமல் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. மஞ்சக்காமாலையோடு எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் அழ வேண்டாம். அடைப்பு நீங்கி, காமாலையில் ஏறும் பிலிருபின் இறங்கியபின் மறுபடி எடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் சந்தேகம் கனக்கிறது.

கேரளத்தில் வெகுகாலமாகக் காணும் கணையக் கல் நோய் இன்னொரு சிக்கல். அது இந்த எண்ணையும் ஏற்றலாம், கணையப் புற்றுக்கான வாய்ப்பையும் கூட்டும். அந்த நோய் உள்ளவர்களுக்கு எடை குறைந்தாலோ வலியின் போக்கு மாறினாலோ, எண் என்னவாக இருந்தாலும் சிடி ஸ்கேன் வேண்டும்.

எண் குறைவு என்றும் நிம்மதியாகிவிட முடியாது. நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அந்த ஃபியூக்கோஸை ஒட்டும் நொதியே வேலை செய்யாது. கட்டி வளர்ந்தாலும் ரிப்போர்ட் அடிமட்டத்திலேயே நிற்கும். ஆரோக்கியமானவர் ஹெல்த் செக்கப்பில் இதைச் சேர்ப்பது வீண்செலவு. கண்டுபிடித்த நோயைச் சிகிச்சையின்போது பின்தொடரவே இது உதவும்.

அதற்கும் ஒரே லேப், ஒரே மெஷின் வேண்டும். இந்தத் துணுக்கைப் பிடித்து அளக்க மெஷினில் வைக்கும் ஆன்டிபாடி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே ரத்தம் ரெண்டு மெஷினில் ரெண்டு எண் காட்டும். லேபை மாற்றியே ஆகவேண்டுமென்றால், ஒருமுறை ஒரே நாளில் ரெண்டு இடத்திலும் கொடுத்து, புது லேபின் எண்ணைத் தொடக்கமாக வையுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள்: சில மெஷின்களில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், 3 நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள்.