செய்தி உண்மைதான், இன்சுலினை நிறுத்தாதீர்கள்

சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்ற வீடியோவை நம்பி இன்சுலினை நிறுத்திய இன்னொரு பிள்ளை ஐ.சி.யூ.வுக்கு வந்து, பிழைத்து, போன வாரம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை. இத்தனை வருடமும் தினமும் நாலு ஊசி போட்டு, நோட்டுப் போட்டு சுகர் எழுதிவைத்து, யாரிடமும் திட்டு வாங்காமல் வளர்ந்த பெண்.

வரும்போது மூன்று நாளாக இன்சுலின் இல்லை. வாந்தியும் வயிற்று வலியும் தொடங்கியதும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். அல்சராக இருக்கும் என்று அங்கே ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவு எங்களிடம் கொண்டுவந்தபோது நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. ஆழமாக, வேகமாக, ஓட்டப் பந்தயம் முடித்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் பழ வாசனை. ரத்தத்தின் பி.எச். 6.9. மருத்துவ நண்பர்களுக்கு இந்த எண் போதும். மற்றவர்களுக்கு ஒரே வரி: இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிவிட்டது, இந்த எண் 7.35-க்குக் கீழே போகக் கூடாது.

அவள் அப்பா ஐ.சி.யூ. வாசலில் போனை நீட்டினார். "டாக்டரம்மா, சைனாவுல ஸ்டெம் செல் வெச்சு சுகரைக் குணமாக்கிட்டாங்கன்னு வந்துச்சு. இது பொய்யா?"

"பொய் இல்லைங்க அய்யா" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆற்றாமையே அதுதான். பொய்ச் செய்தி என்றால் ஒரு வார்த்தையில் மறுத்துவிடலாம். இது உண்மைச் செய்தி. அதில் இருந்திருக்க வேண்டிய இரண்டு வரி இல்லாமல் ஊர் சுற்றுகிறது. வீடியோவின் கடைசியில் யாரோ ஒரு 'சிகிச்சை மையத்தின்' போன் நம்பர். கூப்பிட்டால், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, "செல் ஏத்துறதுக்கு முன்னாடி இன்சுலினைக் குறைச்சு நிறுத்துங்க, உடம்பு தயாராகணும்" என்றிருக்கிறார்கள். இப்படிச் சொன்னவர்களுக்கு மருத்துவம் தெரியாது, அல்லது மனசாட்சி கிடையாது.

அந்த இரண்டு வரி என்னவென்று எழுதிவிடுகிறேன். இதைப் படிப்பவர்கள் அந்த வீடியோ வந்த குரூப்பிலேயே போட்டால் எனக்கு நிம்மதி.

சீனாவின் தியான்ஜின் நகரில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு 2023 ஜூனில் செய்த சிகிச்சை அது. அவருக்கு 11 வருடமாக டைப் ஒன். அவருடைய சொந்த செல்களையே எடுத்து, ரசாயனங்களால் ஸ்டெம் செல்லாக, அதாவது எந்த வகை செல்லாகவும் வளரக்கூடிய செல்லாக மாற்றி, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் கொத்துகளை, அதாவது திட்டுக்களை வளர்த்து, வயிற்றுத் தசைப் பகுதியில் வைத்தார்கள். சுமார் 15 லட்சம் திட்டுக்கள். 75 நாளில் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. 2024 செப்டம்பரில் 'செல்' ஆய்விதழில் வெளியானது. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. விட்டுப்போன முதல் வரி இது: அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர். இரண்டாவது வரி: அதற்காக, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அதே 2024-ல் ஷாங்காயிலிருந்து வந்த இன்னொரு செய்தி, 59 வயதுக்காரர் ஒருவர் இதே போன்ற ஸ்டெம் செல் சிகிச்சையால் இன்சுலினை விட்டது. அவருக்கு இருந்தது டைப் டூ, அதாவது இன்சுலின் சுரந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாத வகை. அவரும் 2017-ல் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், அதே வகை மருந்துகளில் இருந்தவர்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று பொறுமையாகச் சொல்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

டைப் ஒன் நோயில் கணையம் பழுதானது ஒரு விளைவுதான். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்றது நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி. அது இன்னமும் அங்கேயே இருக்கிறது, செல்களின் அடையாளத்தை மறக்காமல். மாடு மேய்ந்துவிட்டுப் போன வயலில் மறுபடி நாற்று நட்டால், அதே மாடு மறுபடி வரும். புது செல்லை எவ்வளவு தரமாக வளர்த்தாலும், சொந்த உடம்பிலிருந்தே எடுத்திருந்தாலும், டைப் ஒன் நோயாளியின் உடம்பு அதைத் திரும்பவும் அழிக்கப் பார்க்கும். ஆகவே எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்க வேண்டும், அந்த செல்கள் வேலை செய்யும் காலம் முழுக்க. உறுப்பு மாற்று செய்துகொண்டவர் அந்த மருந்தை எப்படியும் சாப்பிட்டாக வேண்டும். அவருக்குக் கூடுதல் இழப்பு குறைவு. ஆனால் நன்றாக ஓடியாடும் 19 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தால், இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு கிருமித் தொற்றையும் புற்றுநோய் அபாயத்தையும் சிறுநீரக பாதிப்பையும் வாங்கிக் கொடுக்கிறோம். ஊசி வலிக்கிறது என்பதற்காக இந்த பேரத்துக்கு எந்த நல்ல மருத்துவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இது என் ஊகம் இல்லை. 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் சிமிஸ்லெசெல் என்ற செல் சிகிச்சை பற்றிய ஆய்வு வந்தது. ஸ்டெம் செல்லிலிருந்து செய்த திட்டுக்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் தேவைப்படவில்லை. படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதே கட்டுரையில் இரண்டு மரணங்களும் இருக்கின்றன. ஒருவர் முன்பே இருந்த மறதி நோய் முற்றி இறந்தார். இன்னொருவர் இறந்தது பூஞ்சைத் தொற்று மூளை உறையைத் தாக்கியதால். எதிர்ப்பு சக்தி அடங்கிய உடம்பில் வரக்கூடிய தொற்று அது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? லோ சுகர் வருவதே தெரியாமல் திடீரென்று மயங்கி விழுபவர்கள், இன்சுலினாலேயே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு அந்த பேரம் நியாயமானது.

எதிர்ப்பு சக்தியை அடக்காமல் செய்ய முடியாதா? முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் 42 வயது ஆண் ஒருவருக்கு, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்தப்பட்ட திட்டுக்களை முன்கைத் தசையில் வைத்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது. அடக்கும் மருந்து இல்லாமலே செல்கள் உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்தன. என் கணிப்பில், எதிர்காலம் இந்தத் திசையில்தான். ஆனால் வைத்தது சிறிய அளவு. அந்த மனிதர் இன்சுலின் ஊசியை விடவில்லை. ஒரே ஒருவர், அவரும் இன்னும் ஊசி போடுகிறார். 'குணமாகிவிட்டது' என்ற தலைப்போடுதான் இது என் போனுக்கு வந்தது.

எலிக்கு சுகர் குணமானது என்று வரும் செய்திகளில் நேரம் செலவழிக்க மாட்டேன். டைப் ஒன் வரும்படி வளர்க்கப்பட்ட ஆய்வக எலிகளை விஞ்ஞானிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வழிகளில் நோயிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். மனிதர்களிடம் வேலை செய்தவை மிகச் சில. சுகருக்கு ஏற்பத் தானே கூடிக் குறையும் 'அறிவுள்ள இன்சுலின்' என்று 2024 அக்டோபரில் வந்த செய்தியும் எலியிலும் பன்றியிலும் நடந்த ஆய்வுதான். எந்தச் செய்தியிலும் முதலில் தேடுங்கள்: யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு.

இன்னொரு கூட்டம், "பக்கத்து வீட்டு மாமா உடம்பைக் குறைத்து சுகரை ஓட்டிவிட்டார், நீயும் டயட் இரு" என்று டைப் ஒன் பிள்ளைகளிடம் சொல்பவர்கள். மாமாவுக்கு இருந்தது டைப் டூ. 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் கடுமையான எடைக் குறைப்பால் டைப் டூ நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை தேவையில்லாத நிலை வந்தது. சந்தோஷம், டைப் டூ உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு முயலுங்கள். டைப் ஒன் பிள்ளைக்குப் பட்டினி டயட் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இன்சுலின் வருவதற்கு முந்தைய காலமே சாட்சி. ஓரிரு வருடத்தில் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்ட பிறகுதான் அந்தக் கதை மாறியது. இன்சுலின் 'பழக்கமாகிவிடும்' என்று சொல்லும் பெரியவர்களே, உங்கள் உடம்பிலும் அது இந்த நிமிடம் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்.

பொறியியல் பக்கமும் ஒரு தலைவலி இருக்கிறது. ஊசி குத்தாமல் சுகர் காட்டும் வாட்ச், மோதிரம். ஒரு லாரி ஓட்டுநர் தம்பி அப்படி ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு, அது காட்டும் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே அதைக் கழற்றி, சுருட்டிய ஒரு டவலில் கட்டினேன். பச்சை விளக்கு மின்னியது, கொஞ்ச நேரம் யோசித்தது, 112 என்று காட்டியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. லாரியை ஓட்டிக்கொண்டே லோ சுகரில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2024 பிப்ரவரியில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போய், செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும், ஆனால் நம்பலாம். அந்த எண்ணை வாட்சில் பார்த்தால், வாட்ச் வெறும் திரைதான். வசதி இருப்பவர்கள் சென்சார் போடுங்கள். இல்லாதவர்கள் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள், அதில் குறைவு எதுவும் இல்லை.

ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது அழைத்தால் செய்ய வேண்டியது இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று வகைக்குத்தான் வழக்கமான சிகிச்சை என்ற அனுமதி. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும். அதற்கு வெளியே செய்வது முறைகேடு என்றே அது சொல்கிறது. ஆகவே ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். எண் தராமல் மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். ஆய்வு என்று சொல்லிப் பணம் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். இந்தப் பெண்ணின் அப்பா கட்டிய அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. நகையை வைத்த பணம்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. டைப் ஒன் என்றால் இன்சுலினை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல், வாந்தி, சாப்பிடவில்லை, பரீட்சை, விரதம், எதுவாக இருந்தாலும் சரி. அளவு மாறலாம், அதை மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் அந்த அடிப்படை ஊசி மட்டும் நிற்கவே கூடாது. சுகர் 250-க்கு மேல் நின்றாலோ உடம்பு முடியாமல் போனாலோ சிறுநீரில் கீட்டோன் பாருங்கள், இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம் அது. அதைப் பார்க்கும் பரிசோதனைப் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கும், ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் வாங்கக் காசில்லை என்றால் தயங்காதீர்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் 40 யூனிட் பாட்டில், அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போகும். மாற்றி வாங்கி வந்து லோ சுகரில் படுத்தவர்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்காமல் பாட்டிலையும் மூடியையும் பார்த்து வாங்குங்கள்.

பிள்ளை தொடர்ந்து வாந்தி எடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, தூங்கி வழிகிறது என்றால் தெரு கிளினிக்கில் உட்கார வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்கள். அங்கே வயிற்று வலி என்று தொடங்காதீர்கள். "டைப் ஒன் சுகர், இத்தனை நாளாக இன்சுலின் போடவில்லை" என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு கீட்டோன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நிறுத்தியதை மறைக்காதீர்கள். நாங்கள் கோபப்படுவோம்தான். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் கோபப்படுவோம்.