கரிம விலை: சொல் விளக்கம்

ராமநாதபுரம் பக்கம் கரி என்றால் மூட்டக்கரிதான். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்று புகாமல் நாள்கணக்கில் புகைய விட்டு எடுப்பார்கள். ஈரமும் வாயுக்களும் போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். லத்தீன் மொழியில் ‘கார்போ’ என்றாலும் கரியே. அதிலிருந்துதான் 18-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே காலத்தில், தனிமத்துக்குப் பெயர் வந்தது. தமிழில் கரிமம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைப் பாடநூல்களில் காபன்.

சரி, கரிம விலை? இது கரியின் விலை அல்ல. கரியை எரித்தால் வெளியேறும் கரியமில வாயுவுக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று வைக்கும் விலை. எல்லாவற்றையும் ‘கார்பன் வரி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அரசே விகிதம் போட்டு வசூலித்தால் கரிம வரி. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் உமிழ்வதற்கான அனுமதிகளை நிறுவனங்கள் விற்கவும் வாங்கவும் விட்டால் அது உமிழ்வு வணிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சொல்தான் கரிம விலை.

அனல்மின் நிலையத்தை இது எப்படி மூட வைக்கிறது? ஒரு கிலோ கார்பன் எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 3.67 கிலோ கரியமில வாயு ஆகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையம் ஏறத்தாழ ஒரு கிலோ வெளியிடும். எரிவாயு நிலையம் அதில் பாதி அளவே. ஆகவே விலை ஏற ஏற நிலக்கரி மின்சாரம்தான் முதலில் கட்டுப்படியாகாமல் போகிறது. நிலையம் ஓடும் நேரம் குறைகிறது, பராமரிப்புச் செலவு மட்டும் குறையாது, கடைசியில் உரிமையாளரே மூடிவிடுகிறார். பிரிட்டனில் 2012-இல் சுமார் 40 சதவீத மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2013-இல் அடிமட்டக் கரிம விலை, அதாவது இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விலை, கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. கந்தகப் புகை விதிகளுக்கும் காற்றாலைகளுக்கும் இதில் பெரிய பங்குண்டு.

இந்தியாவில் 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி வந்தது. 2016-இல் 400 ஆனது. புகையை அளந்து போட்டதல்ல, எடையைப் பார்த்துப் போட்டது. அதனால் இதை நிலக்கரி மேல்வரி என்பதே பொருத்தம்.

அப்புறம் ராமநாதபுரம் மாவட்டத்து நம் உப்பூர். 1,600 மெகாவாட் அனல்மின் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2021-இல் நிறுத்திவைத்ததைக் கரிம விலையின் கணக்கில் எழுதக் கூடாது. விவசாயிகளும் மீனவர்களும் எழுப்பியது வயல், கண்மாய், கடல் பற்றிய கேள்விகள். கரிம விலை என்பது ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் உலைகளுக்கு வருகிற பில். உப்பூரில் உலையே மூட்டப்படவில்லை.