வெள்ளை உடுத்தியவர் வேட்பாளர் ஆன கதை

தேர்வு விண்ணப்பம் ஒன்றின் தமிழ்ப் படிவத்தைப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்திலேயே ‘வேட்பாளரின் பெயர்’ என்று இருந்தது. தேர்வு எழுதப்போகிற பிள்ளை எந்தத் தொகுதியில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றியது. ‘கேண்டிடேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சொல் பிறந்தது துணியில். இலத்தீனில் ‘கேண்டிடுஸ்’ என்றால் பளிச்சென்ற வெண்மை. ‘கேண்டிடாட்டுஸ்’ என்றால் வெள்ளை உடுத்தியவர். பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் ‘டோகா’ என்னும் மேலாடையில் வெண்சுண்ணப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மன்றத்துக்கு வருவார்கள். டோகா கம்பளித் துணி. இயல்பில் சற்று மங்கல். சுண்ணம் ஏறியதும் கூட்டத்தில் தனியாகத் தெரியும். பக்கத்தில் ஓர் அடிமை நடப்பான். எதிரே வருபவரின் பெயரைக் காதோடு சொல்வது அவன் வேலை. நெடுநாள் பழகியவர்போலப் பெயர் சொல்லி அழைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார் வெள்ளை உடைக்காரர்.

வாக்குக் கேட்பதற்காக உடையை வெளுக்கக் கூடாது என்று கி.மு. 432-இல் சட்டம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அது நிலைக்கவில்லை. கி.மு. 64-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தேர்தலில் தம் போட்டியாளர்களைத் தாக்கிப் பேசிய உரைக்கு ‘வெள்ளை டோகாவில்’ என்றே பெயர்.

மெழுகுவத்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’ இதே வேரின் கிளை. ‘கேண்டிட்’ இன்னொன்று: முதலில் வெண்மை, பிறகு கள்ளமற்ற மனம், இன்று ஒளிவுமறைவில்லாத பேச்சு. சுண்ணம் பூசி வெளுத்த உடையின் உறவில் இப்படியொரு பொருள்!

தமிழில் இந்த வெள்ளையின் சுவடே இல்லை. ‘வேள்’ என்றால் விரும்பு. கேள் என்பதிலிருந்து கேட்பு வருவதுபோல வேள் என்பதிலிருந்து வேட்பு. வேட்கையும் அந்தக் குடும்பம்தான். முன்பு அச்சில் புழங்கிய ‘அபேட்சகர்’ என்ற வடசொல்லுக்கும் விரும்புகிறவர் என்பதே பொருள். ஆக, வேட்பாளர் என்ற சொல் பொருளால் ஒட்டி நிற்பது அபேட்சகரோடுதான். ஆங்கிலச் சொல் ஆளின் உடையைப் பார்த்தது. தமிழ்ச் சொல் உள்ளே இருக்கும் ஆசையைப் பார்த்தது. எனக்குத் தமிழின் பார்வைதான் கூர்மையாகப் படுகிறது.

‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளிலும் இதே வேட்பு வருகிறது. கேட்க மறுப்பவரும் விரும்பும்படி பேச வேண்டுமாம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

ஆங்கிலத்தில் தேர்தலில் நிற்பவர், தேர்வு எழுதுபவர், வேலைக்கு மனுப் போட்டவர் மூவரும் கேண்டிடேட்தான். தமிழில் மூவரும் வேறு: வேட்பாளர், தேர்வர், விண்ணப்பதாரர். வேட்புமனு, வேட்பாளர் பட்டியல் என்று தேர்தலோடு இறுகிவிட்ட சொல்லைத் தேர்வுக்கூடத்துக்குள் இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

முதல் கட்டத்தை ‘தேர்வரின் பெயர்’ என்று திருத்தினேன். பக்கத்தைத் திருப்பினால், அங்கே இன்னும் மூன்று வேட்பாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.