கோடு வந்துருச்சு, ஆனா அது எஸ்6 தானா?

நம்ம சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல இருந்து பயோடெக் படிக்கப் போன பிள்ளைங்க லீவுக்கு வந்தா, "அண்ணே, எஸ்6 ஆன்டிபாடி போட்டு வெஸ்டர்ன் பிளாட் பண்ணோம், கோடு வந்துருச்சு"ன்னு போட்டோ காட்டுவாங்க. பார்க்கவே பெருமையா இருக்கும். வெஸ்டர்ன் பிளாட்னா செல்லுக்குள்ள ஒரு குறிப்பிட்ட புரோட்டீன் இருக்கான்னு பார்க்கிற சோதனை, ஆன்டிபாடின்னா அந்தப் புரோட்டீன தேடிப் பிடிக்கிற இன்னொரு புரோட்டீன். அந்தக் கோடு எப்படி வருது, அத எப்ப நம்பலாம்னு சொல்றேன்.

செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கிறது ரைபோசோம். மனுஷ ரைபோசோம்ல சுமார் 80 புரோட்டீன் இருக்கு, அதுல ஒன்னு தான் எஸ்6. காலைல நாசி லெமாக் சாப்பிடுறோம், இன்சுலின் ஏறுது, எம்டார்னு ஒரு என்சைம் முழிச்சுக்குது, அது இன்னொரு என்சைம தட்டி எழுப்ப, அது போயி எஸ்6 வாலுல 235, 236, 240, 244ன்னு சில இடத்துல இருக்கிற செரின்ங்கிற அமினோ அமிலத்துல பாஸ்பேட்ட ஒட்டுது. அதனால பாஸ்பேட் ஒட்டுன எஸ்6ஸ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி இருந்தா, செல்லு வளர்ற மூடுல இருக்கான்னு தெரிஞ்சிரும். புற்றுநோய் ஆராய்ச்சில இத இவ்வளவு பயன்படுத்துறது இதுக்குத்தான்.

ஆன்டிபாடி பெரும்பாலும் முயல்ல செய்வாங்க. முழு புரோட்டீன் வேணாம், அதுல ஒரு சின்ன துண்ட வேற ஒரு பெரிய புரோட்டீனோட ஒட்டி ஊசி போட்டாலே முயல் உடம்பு அதுக்கு ஆன்டிபாடி தயாரிச்சிரும். அப்புறம் லேப்ல செல்ல உடைச்சு, சூடாக்கி, ஜெல்லுல ஓடவிட்டு புரோட்டீன்கள எடைப்படி பிரிச்சு, மெம்பிரேன்ங்கிற ஒரு மெல்லிய தாளுக்கு மாத்தி, ஆன்டிபாடிய ஊத்துறாங்க, அது மேல முயல் ஆன்டிபாடிய பிடிக்கிற ரெண்டாவது ஆன்டிபாடி, அதுல ஒட்டியிருக்கிற என்சைம் மேல ஊத்துற ரசாயனத்த ஒளிர வைக்கும், அதத்தான் கேமரா கோடா பிடிக்குது. கணக்குப்படி எஸ்6 எடை 29 கிலோடால்டன் (புரோட்டீன் எடையோட அளவு) கிட்ட, ஆனா கோடு 32 கிட்ட வரும். ஆர்என்ஏவ பிடிச்சுக்க நெறைய பாசிட்டிவ் சார்ஜ் வச்சிருக்கிற புரோட்டீன், அதனால மெதுவா ஓடுது, பயப்பட வேணாம்.

விஷயம் இங்கதான். ஆன்டிபாடிக்கு முழு எஸ்6 தெரியாது, அந்தச் சின்ன துண்டு மட்டும் தான் தெரியும். தோட்டத்துல காலைல பெரட்டுக்கு கிராணி "முனியம்மா"ன்னு கூப்பிட்டா அந்தப் பேருல உள்ள எல்லாரும் கை தூக்குவாங்க இல்லியா, அந்த மாதிரி கிட்டத்தட்ட அதே துண்டு வேற புரோட்டீன்ல இருந்தா அதையும் பிடிச்சிரும்.

வழக்கமா இத சோதிக்க அந்த ஜீன முழுசா எடுத்துட்ட செல்ல வச்சுப் பார்ப்பாங்க, கோடு மறையணும். எஸ்6ல அது நடக்காது, எஸ்6 இல்லாட்டி ரைபோசோமே சரியா உருவாகாது, செல்லு செத்துரும். அதனால அந்த ஜீன அமுக்குற சின்ன ஆர்என்ஏ போட்டு எஸ்6 அளவ கொறைச்சு, கோடும் அதே அளவு மங்குதான்னு தான் பார்க்க முடியும். பாஸ்பேட் ஆன்டிபாடின்னா இன்னும் ரெண்டு வழி இருக்கு: எம்டார நிறுத்துற ராபமைசின் மருந்த செல்லுக்குக் குடுக்கலாம், இல்ல மெம்பிரேன்ல பாஸ்பேட்ட வெட்டி எடுக்கிற என்சைம் ஊத்தலாம். ரெண்டுலயும் கோடு போயிரணும், இல்ல நல்லா மங்கணும், ஆனா மொத்த எஸ்6ஸ பிடிக்கிற ஆன்டிபாடி போட்டா கோடு அப்படியே நிக்கணும். ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க மெம்பிரேன பிளாக் பண்ண பால் பவுடர் போடுறவங்களும் கவனிங்க, பால்ல இருக்கிற கேசின்லயே பாஸ்பேட் இருக்கு, அதனால பாஸ்பேட் ஆன்டிபாடிக்கு மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கிற அல்புமின் புரோட்டீன் தான் நல்லது.