‘றோ’ கோப்பு ‘அசல் படம்’ அன்று

கொழும்பில் திருமணப் படம் பிடிப்போரிடமும், படப்பிடிப்புக் கற்பிக்கும் தமிழ் வகுப்புகளிலும் கமரா தான் பதிந்ததைப் பக்குவம் செய்யாமல் சேமித்துவைக்கும் ‘றோ’ (RAW) கோப்புக்கு ‘அசல் படம்’ என்ற பெயர் வேரூன்றிவிட்டது. வெள்ளவத்தையில் அல்பம் வாங்க வருவோர் “அசல் படங்களையும் தாங்கோ” என்கிறார்கள். கற்கும் பிள்ளைகளோ, கமராவில் அசல் நன்றாகத்தான் இருந்தது, கணினியில் ஏற்றியதும் லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருள் நிறத்தைக் கெடுத்துவிட்டது என்று முறையிடுகிறார்கள். இரண்டு மயக்கத்துக்கும் வேர் இந்தப் பெயரே என்பதால் இதைச் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

‘றோ’ என்பது எழுத்துகளைக் கூட்டிச் சுருக்கிய பெயரன்று. சமைக்காதது, பக்குவம் செய்யாதது என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். ‘அசல்’ அரபு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேர், அடி என்று பொருள். தமிழில் அது நகலுக்கு எதிர்ச்சொல்லாகவும், போலிக்கு எதிர்ச்சொல்லாகவும் நிலைத்துவிட்டது. பக்குவம் செய்யாமை ஒன்று, முதற்படியாயிருத்தல் வேறொன்று. முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொன்னதே பிழை.

‘அசல் படம்’ என்னும் தொடரின் இரண்டு சொற்களுமே பொருந்தவில்லை. முதலில் அது படமே அன்று. பெரும்பாலான கமராக்களில் ஒளியைப் பதியும் உணரிமீது, கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற நிறவடிகட்டி அமைப்பே இன்றும் பதிக்கப்படுகிறது. அதன்படி உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தின் ஒளியளவை மட்டுமே பதிகிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், காற்பங்கு சிவப்புக்கும், காற்பங்கு நீலத்துக்கும் உரியவை. கெனனின் சீஆர்3, நிக்கோனின் என்ஈஎவ், சோனியின் ஏஆர்டபிள்யூ ஆகிய றோ கோப்பு வகைகளில் இருப்பவை இந்த அளவுகளே. அவற்றை அப்படியே திரையிலிட்டால் இருண்டு, பச்சை படர்ந்த ஒரு பரப்புத்தான் தெரியும். விடுபட்ட நிறங்களை அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி வெண்சமநிலை கொடுத்து, ஒளி வளைவை உயர்த்தி, கூர்மை சேர்த்த பிறகே அது படமாகிறது.

அடுத்து, கமராவின் பின்திரையில் காண்பது அசலும் அன்று. கமரா தன் உள்ளிருக்கும் செயலியால், தன் நிறப்பாணியின்படி ஒரு ஜேபெக் படத்தை ஆக்கி, றோ கோப்புக்குள்ளேயே அதைப் பொதிந்து வைக்கிறது. பின்திரையிலும், லைட்ரூமில் ஏற்றிய முதற்சில நொடிகளிலும் தென்படுவது அந்தப் பொதிபடமே. பிறகு மென்பொருள் அதே அளவுகளை லைட்ரூமை ஆக்கிய அடோபி நிறுவனம் வகுத்த நிறக்குறிப்பின்படி தானே கணித்து வேறொரு படத்தை ஆக்குகிறது. நம் கண்முன்னே நிறம் மாறுவது அதனால்தான். கமராவில் நாம் கூட்டிய நிறச்செறிவையும் ஒளிமுரணையும் அது இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை. இங்கே எதுவும் கெடுக்கப்படவில்லை. ஒரே தரவுக்கு இரண்டு விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. இரண்டில் ஒன்றை மட்டும் அசல் என்று அழைக்க நியாயம் இல்லை.

ஐயமுள்ளோர் கமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, றோவாக ஒரு படம் பிடித்துப் பார்க்கலாம். காலிமுகத் திடலில் பறக்கும் பட்டம் பின்திரையில் சாம்பலாகத் தெரியும். லைட்ரூமில் முழு நிறத்தோடு வந்து நிற்கும். அசல் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டிருப்பவர் இதில் எதை அசல் என்பார்? அதே கோப்பைக் கமரா நிறுவனமே வழங்கும் மென்பொருளில் திறந்தால் கறுப்பு வெள்ளையாகவே திறக்கும், ஏனெனில் அந்த மென்பொருள் கமராவின் அமைப்புக்குறிப்புகளையும் படிக்கிறது. லைட்ரூமிலும் கமராவை ஒத்த நிறக்குறிப்பைத் தேர்ந்தால் தோற்றம் பெரிதும் நெருங்கிவரும். இந்த எளிய வழியைக் கற்பிப்பதற்கு முன்பே ‘அசல் கெட்டுவிட்டது’ என்ற அச்சத்தை ஊட்டிவிடுகிறோம்.

‘மூலப்படம்’ என்பாரும் உளர். ‘மூலப்பொருள்’ என்று நாம் பழகிய சொல் அதற்குத் துணை நிற்கிறதாயினும், ‘மூலம்’ என்றதும் மூலப்பிரதியே நினைவுக்கு வருவதால் பழைய மயக்கம் திரும்பிவிடும். இந்தியத் தமிழரின் ‘கச்சா’ இந்திவழி வந்தது; நம் ஊரில் வழக்கிலும் இல்லை. உண்மையில் இப்பொருளுக்குரிய பழந்தமிழ்ச் சொல் ‘பச்சை’தான். பச்சையரிசியும் பச்சைத் தண்ணீரும் அன்றாடச் சொற்கள். திருக்குறள் 660இல் வரும் பசுமட்கலம் சூளையில் சுடாத மண்கலமே. எனினும் நிறங்களையே பேசும் துறையில் ‘பச்சைப் படம்’ என்றால் பொருள் நிறத்துக்கே போகும்; ‘பச்சையாகப் பேசுதல்’ என்னும் வழக்கும் குறுக்கிடும். மனமில்லாமலே அதைக் கைவிடுகிறேன்.

நான் பரிந்துரைப்பது ‘பதனிடாத் தரவு’, கோப்பைக் குறிக்கையில் ‘பதனிடாக் கோப்பு’. தோல் பதனிடுதல் என்று வழங்கும் வினைதான். பதம் என்பது பக்குவம். பிலிம் காலத்தில் ‘படம் கழுவுதல்’ என்ற அழகான வழக்கு இருந்தது; ஆனால் கழுவுதல் என்றால் அழுக்கை நீக்குவதாக இன்றைய பிள்ளை எண்ணக்கூடும், இங்கேயோ நீக்கப்படுவதைவிட ஆக்கப்படுவதே மிகுதி. ‘பதனிடல்’ என்றால் கமராவும் செய்யலாம், மென்பொருளும் செய்யலாம், ஒருவரே இருமுறை வெவ்வேறாகவும் செய்யலாம் என்பது சொல்லிலேயே விளங்குகிறது.

பொருளை அறியாமல் அகராதியின் முதற்சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் மொழிபெயர்ப்பாளரிடையே பரவியிருக்கிறது. சுத்திகரிப்பதற்காகச் சபுகஸ்கந்தைக்கு வந்து சேரும் எண்ணெயை நம் நாளேடுகள் ‘மசகு எண்ணெய்’ என்று எழுதுகின்றன. மசகு என்பதோ வண்டி அச்சில் உராய்வு குறையத் தடவுவது. அங்கும் பக்குவம் செய்யாமை என்ற கருத்தே தொலைந்தது. ஆயினும் எண்ணெய்க்குப் பெயர் பிழைத்தாலும் வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில் மயக்கமில்லை. ‘அசல் படம்’ கேட்பவரோ தம் கணினியில் திறக்கவும் முடியாத கோப்புகளைப் பெற்றுக்கொண்டு, நல்ல படங்களை ஒளித்துவைத்துவிட்டதாகப் படப்பிடிப்பாளரை ஐயுறுகிறார். விலைப்பட்டியலிலும் ஒப்பந்தத்திலும் ‘பதனிடாக் கோப்பு’ என்று எழுதினால், கேட்பது படமன்று என்பது பணம் கொடுக்கும் முன்பே அவருக்குத் தெரியும்.