கண்காணிப்பா, காவலா?

ஒட்டுசுட்டானில் மச்சான் தன் நெல் ஸ்டோருக்கு நாலு கமரா பூட்டினார். ஆளோ மாடோ வந்தால் தானாகவே போனுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளும் அதோடு சேர்த்தி. வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும், “தமிழில இதுக்கு என்ன எழுதுறது?” என்று கேட்டார். அதற்காக யோசித்ததுதான் இது.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல் அடிபடும்: கொம்பியூட்டர் விஷன், சேர்வெய்லன்ஸ். முதலில் கொம்பியூட்டர் விஷன், அதாவது படத்தில் இருப்பது என்ன என்று கணினியே இனங்காண்பது. கணினிப் பார்வை என்கிறோம். நிலைத்துவிட்ட சொல், இருக்கட்டும். ஆனால் தமிழில் பார்ப்பது வேறு, காண்பது வேறு. “எல்லா இடமும் பார்த்தேன், மாட்டைக் காணேல்லை” என்போமே. கண்ணைத் திருப்புவது பார்த்தல்; கண்ணில் பட்டது இன்னது என்று பிடிபடுவது காணல். வெறும் கமரா பார்க்க மட்டும்தான் செய்யும். 1942இல் ஜெர்மனியின் பேனமுண்டேயில் ரொக்கெட் ஏவுவதைத் தூர இருந்து பார்க்கப் பூட்டிய மூடியசுற்றுத் தொலைக்காட்சி முதல் நேற்றைய சிசிரிவி வரை, திரைக்கு முன்னால் ஒரு மனிதர் விழித்திருந்தால்தான் பயன்.

மென்பொருள் வந்த பிறகுதான் கமரா காணப் பழகியது. பழைய வகை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்குப் பார்த்தது. வாழையிலை ஆடினாலும் அலாரம் அடிக்கும். இப்போதையது, பெயர் குறித்த ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. கண்டதைச் சுற்றிப் பெட்டி கீறி, ‘ஆள்’ என்று எழுதி, எவ்வளவு நிச்சயம் என்று ஓர் எண்ணும் போடும். அதுவும் தவறும். ஒருநாள் இரவு மச்சானின் போன் அடித்தது. திறந்து பார்த்தால் வேலியோரத்து வெருளியைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி. பழைய சேர்ட், பானைத் தலை, ‘ஆள்’, 0.81.

சரி, மற்றச் சொல் சேர்வெய்லன்ஸ், அதாவது கண்காணிப்பு. பிரெஞ்சில் ‘மேலே’ என்பதும் ‘விழித்திருத்தல்’ என்பதும் சேர்ந்து வந்தது. 1793இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, சந்தேகப்பட்டவர்கள் மேல் கண் வைக்க அமைத்த குழுக்களுக்கு இதுதான் பெயர். அந்தக் காலத்தை ஒட்டியே ஆங்கிலத்துக்கும் போனது. ஆளைக் குறிவைத்த சொல்.

நம்முடைய கண்காணிப்பு கண்ணும் காணலும் சேர்ந்த பழஞ்சொல். திருமந்திரத்தில் எங்கும் கலந்து நிற்கும் இறைவனே கண்காணி. தேயிலைத் தோட்டத்தில் அது, வேலையாட்களை மேய்க்கும் கங்காணி ஆனது. ஆங்கில அகராதியிலும் ஏறியது. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களமும் சேர்ந்தே நினைவு வரும். போருக்குள் வளர்ந்த எங்களுக்குக் காவலரணும் சோதனைச் சாவடியும்.

காவல் என்பது அப்படி இல்லை. வேற்றுமை உருபையே பாருங்கள்: வயலுக்குக் காவல், ஆளைக் கண்காணித்தல். யானைக்கும் பன்றிக்கும் பயந்து பரணில் ரோச்சும் வெடியுமாக இரவு முழுக்க விழித்திருப்பவரைக் கண்காணிப்பாளர் என்று யாரும் சொல்வதில்லை. காவல் இருக்கிறார் என்போம்.

ஆகவே நெல் ஸ்டோருக்கு இருப்பது கணினிக் காவல். அதே மென்பொருள் சந்தியில் நின்று, முகத்தை வைத்து இன்னார் போகிறார் என்று குறிக்கத் தொடங்கினால், அதைக் காவல் என்று மெழுகக் கூடாது. அது தன்னியக்கக் காணொளிக் கண்காணிப்பு, அப்படியே சொல்லவேண்டும்.

பலகையில் “இங்கே கமராக் காவல் உண்டு” என்று எழுதினோம். படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதையும் கீழே போடச் சொன்னேன். 14 நாள் என்று மச்சான் தன் கையாலேயே எழுதினார்.